பதினொரு அட்டைகளின் கண்கள்

நானூறாவது இதழின் அட்டையில் ஒரு ஆள் குறைந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்று முதலாளி கேட்டார். ஆமாம், முழுகிவிடும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டார். அலுவலகத்தில் எனக்குப் ‘பட்டாசு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் காதுபடச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அதனால் அந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். நாங்கள் மாதாமாதம் ‘எரிகல்’ என்று ஒரு சித்திரக்கதை இதழ் போடுகிறோம். எரிகல் என்பது கதாநாயகன் பெயர். சிவப்பு அங்கி, நெஞ்சில் வால் முளைத்த நட்சத்திரம். பறப்பான், சாயும் பாலத்தை முதுகால் முட்டுக்கொடுத்து நிறுத்துவான், கெட்டவர்களிடம் அறுபது பக்கம் அடிவாங்கிவிட்டு அறுபத்தோராம் பக்கத்தில் திருப்பிக் கொடுப்பான். உள்பக்கங்களை இப்போதெல்லாம் கணினியில் வரைகிறார்கள். அட்டையை மட்டும் இன்றைக்கும் கையால்தான் வரைகிறோம். ஒன்பது வருஷமாக அதை வரைவது நான்.

எனக்கு முன்னால் அட்டை வரைந்தவர்களுக்கெல்லாம் மரியாதை செய்கிற மாதிரி நானூறாவது அட்டை இருக்க வேண்டும் என்று முதலாளி சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே யோசித்துவிட்டேன். ஓர் உயரமான கட்டடத்தின் விளிம்பு. அதில் நான்கு எரிகல்கள் வரிசையாகக் குதிக்கத் தயாராக நிற்கிறார்கள். நான்கு பேரும் ஒரே ஆள்தான், ஆனால் ஒவ்வொருவனும் ஒவ்வோர் ஓவியருடைய கோட்டில், அவரவர் வண்ணத்தில்.

முதலாமவன் பெரியவருடையவன். முதல் தொண்ணூறு அட்டைகளைப் பெரியவர் வரைந்தார். தடித்த தூரிகைக் கோடு, கதவு அகலத்துக்கு நெஞ்சு. அவருக்குப் பாதம் வரைய வராது. தொண்ணூறு அட்டையிலும் எரிகல்லின் காலடியில் புகை இருக்கும், இல்லாவிட்டால் மேகம், அதுவும் இல்லாவிட்டால் எங்கிருந்தோ ஒரு புதர். நானும் முறையாகப் புகை போட்டுவிட்டேன். மூன்றாமவன் சுருட்டையுடையவன். சுருட்டை என்பது அவர் தலைமுடியால் வந்த பெயர். நூற்றிரண்டாம் இதழிலிருந்து நான் வரும்வரை அவர்தான். மனித உடம்பில் இல்லாத இடத்தில்கூடத் தசை வரைவார். நான்காமவன் என்னுடையவன். அவனைப் பற்றி நானே என்ன சொல்வது?

இரண்டாமவன்தான் தகராறு. தொண்ணூற்றொன்று முதல் நூற்றொன்று வரை மொத்தம் பதினொரு அட்டைகள். கையெழுத்தே கிடையாது. யார் வரைந்தார் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இன்னொருவர் வரைந்த உருவத்தை எடுத்து ஆண்டால், நம் கையெழுத்துக்குக் கீழே சின்னதாக ‘இன்னாரை வணங்கி’ என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் யாரும் ஜெயிலில் போடப் போவதில்லை. ஆனால் என் கணக்கில் அவன் திருடன். பெரியவரை வணங்கி என்று எழுதலாம், சுருட்டையை வணங்கி என்று எழுதலாம். நடுவில் இருப்பவரை யாரென்று சொல்லி வணங்குவது?

“வெளி ஆள் யாரோ வரைஞ்சு குடுத்ததுன்னு அப்பா சொல்லுவாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்றார் முதலாளி. இதழை ஆரம்பித்தது அவருடைய அப்பா. அவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சுருட்டைக்குப் போன் போட்டேன். “யாரு, அந்தப் பயந்தாங்கொள்ளி எரிகல்லா? நான் வந்தப்போ அந்தப் பேச்சையே யாரும் எடுக்க மாட்டாங்க” என்றார். பிழை திருத்துகிற அக்காவிடமும் கேட்டேன். முப்பது வருஷமாக அங்கே இருப்பவர் அவர் ஒருவர்தான். தலையைத் தூக்காமல், “தெரியாது” என்றார். அவருக்கும் எனக்கும் ஏற்கெனவே எலியும் பூனையும்தான். வெடிச்சத்தத்துக்கு நான் எட்டு எழுத்துப் போட்டால் நாலை அடிப்பார், அட்டை வாசகத்தை மூன்று தடவை திருப்பி அனுப்புவார். நான் மனதுக்குள் அவருக்கு ‘சிவப்பு பென்சில்’ என்று பெயர் வைத்திருந்தேன். அதனால் அன்றைக்கு அந்த ‘தெரியாது’வைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“பேரு தெரியலைன்னா விட்டுடுங்க. மூணு பேரு போதும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அட்டை வரலைன்னா நான் கம்ப்யூட்டர் படத்தைப் போட்டுடுவேன். அது ரெடியா இருக்கு” என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

விட்டுவிட என்னால் முடியாது. ஏன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அந்தப் பதினொரு அட்டைகள் வந்தன. அதில் எரிகல் முன்போல மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கவில்லை. அவன் கண்ணில் பயம் இருந்தது. எரிகல் எப்படிப் பயப்படலாம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். ‘எரிகல்லுக்கு என்ன, வயிறு சரியில்லையா? ஏன் இப்படித் திருதிருவென்று முழிக்கிறான்? இதை வரைகிறவரை முதலில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.’ அது அப்படியே அச்சில் வந்தது, என் பெயர், வயது, ஊரோடு. அந்த மாதத்தின் சிறந்த கடிதம் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டினேன். அடுத்த இதழிலிருந்து ஓவியர் மாறிவிட்டார். என்னால்தான் மாறினார் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு வளர்ந்தேன், வரையப் படித்தேன், கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் லிப்ட் பழுதுபார்ப்பவர். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவருடைய மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார் என்று அவர் வேலை செய்த கட்டடத்துக்கு எடுத்துப் போனேன். பத்தாவது மாடி. லிப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு, கீழே அந்த இருட்டுக் குழியைப் பார்த்தபடி நின்றார். நான் வந்தது அவருக்குத் தெரியாது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். அது தொண்ணூற்றேழாம் அட்டையில் இருந்த முகம். பயந்த முகம்தான், ஆனால் திரும்பி ஓடப்போகிற முகம் இல்லை. அடுத்த நிமிஷம் அவர் இறங்கிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து அந்தப் பதினொன்றையும் இறக்கிப் பார்த்தேன். அடிப்பாவி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் வந்த அட்டைகளில் உயிருள்ள முகம் அந்தப் பதினொன்றில்தான் இருந்தது. அதை வரைந்தவரைத்தான் நான் டாக்டரிடம் அனுப்பியிருந்தேன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. ஒரு அட்டையிலாவது அவரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்த வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கண் எனக்கு வரவில்லை. மூன்று நாள் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். வீட்டில் ஸ்டூல் மேல் வீட்டுக்காரரை ஏற்றி, கழுத்தில் துண்டைக் கட்டி, குதிக்கப்போகிற மாதிரி நிற்கச் சொன்னேன்.

“கொஞ்சம் பயந்த மாதிரி பாருங்க.”

“உன்னையா, தரையையா?”

“தரையை!”

“தரையைப் பாத்தா எனக்கென்ன பயம்? ரெண்டடி ஸ்டூலு. உன்னைப் பாக்கறேன், சரியா வரும்.”

சிரிப்பு வந்தது, கண் வரவில்லை. புருவத்தைத் தூக்கினால் ஆச்சரியப்படுகிற மாதிரி இருந்தது, இறக்கினால் அழுகிற மாதிரி இருந்தது. கடைசியில் எப்படியோ ஒப்பேற்றினேன். மற்ற மூவரும் பிரமாதமாக வந்திருந்தார்கள். நடுவில் இவன் மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டவன் முகத்தோடு நின்றான். வியாழக்கிழமை காலையில் படத்தை ஸ்கேன் செய்து, தலைப்பு, இதழ் எண் எல்லாம் சேர்த்து, ஒரு மாதிரிப் பிரதி அடித்துப் பிழை திருத்த அனுப்பினேன். ‘சரி’ என்று அக்கா போடும் சிவப்புச் சுழி விழாமல் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வெளியே போகாது.

மத்தியானம் பிரதி திரும்பி வந்தது. சுழி இல்லை. எழுத்துகளில் ஒரு குறியும் இல்லை. ஆனால் இரண்டாம் எரிகல்லின் கண்மேல் சிவப்புப் பென்சில் கோடுகள் இருந்தன.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. தாளைச் சுருட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். அக்காவின் அறை அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இயந்திரம் ஓடும்போது மேஜைமேல் இருக்கும் குண்டூசி டப்பா தானாக நகரும். அவர் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு வாசகர் கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இது என்ன?”

“எது?”

“எழுத்துல தப்பிருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறேன். கண்ணு, மூக்கெல்லாம் என் வேலை. அதுல எப்பலேர்ந்து கை வெக்க ஆரம்பிச்சீங்க?”

தாளை அவர் முன்னால் விரித்தேன். அவர் அதைப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. தன் கை என்ன செய்ததென்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன்.

“அய்யய்யோ, கை தவறிப் பட்டிருக்கும். குடு, அழிச்சுத் தரேன்.”

“கை தவறினா ஒரு கோடு விழும். இதுல மூணு கோடு இருக்கு. நீங்க என்ன...”

அப்போதுதான் நானும் அதை ஒழுங்காகப் பார்த்தேன். புருவத்தின் உள்முனையை ஒரு நூலளவு தூக்கியிருந்தது. கீழிமைக் கோட்டை நடுவில் வெட்டியிருந்தது. கண்ணோரத்தில், கன்னம் இறுகுகிற இடத்தில் ஒரு சின்னக் கீற்று. அவ்வளவுதான். பஸ்ஸைத் தவறவிட்டவன் போய்விட்டான். பயந்துகொண்டு, ஆனால் நகராமல், என்னைப் பார்த்தபடி தொண்ணூற்றேழாம் அட்டைக்காரன் நின்றான். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

“நீங்களா?” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

“கதவைச் சாத்து” என்றார்.

சாத்திவிட்டு, காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தேன்.

“பெரியவர் கைக்கு முடியாம போச்சு. அவசரத்துக்கு ஆள் கிடைக்கல. நான் சும்மா கிறுக்கி வெச்சிருந்ததைப் பெரிய முதலாளி பாத்துட்டாரு. நீயே வரைன்னாரு. ஆனா வெளில சொல்லாத, பிழை திருத்தறவ அட்டை வரையறான்னா யாரும் மதிக்க மாட்டாங்கன்னாரு. கையெழுத்தும் கூடாதுன்னாரு. வீட்ல வரைஞ்சு, பழைய பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு வருவேன். வெளி ஆள் குடுத்ததுன்னு அவர் மேஜையில வெச்சுடுவேன்.”

“யாருக்குமே தெரியாதா?”

“அவருக்கும் எனக்கும்தான். அப்புறம் லெட்டர் வர ஆரம்பிச்சுது. மூட்டை மூட்டையா. டீ நேரத்துல எல்லாரையும் கூட்டி வெச்சுட்டு அவரே உரக்கப் படிப்பாரு. பயந்தாங்கொள்ளி, தொடைநடுங்கி, என்னென்னமோ. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க.” அவர் குண்டூசி டப்பாவை இழுத்து வைத்தார். “நானும் சிரிச்சேன். சிரிக்கலைன்னா கண்டுபிடிச்சுடுவாங்கள்ல? என்னைத் திட்டினது எனக்கு வலிக்கல. கூட சேர்ந்து நான் சிரிச்சேன் பாரு, அதுதான் இன்னைக்கும் எரியுது.”

அதற்கு மேல் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அக்கா, அந்த லெட்டர்ல ஒண்ணு...”

“வயிறு சரியில்லையா. திருதிருன்னு முழிக்கிறான். டாக்டர்” என்றார் அவர். “தெரியும். நீ வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே பேரையும் ஊரையும் பாத்தேன்.”

“ஒன்பது வருஷமாவா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“பன்னெண்டு வயசுப் பொண்ணைப் போயி என்னத்தக் கேக்கறது? அதான் உன் ப்ரூபை ஒன்பது வருஷமா சல்லடை போட்டுச் சலிச்சேன். அது போதாதா?”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தேன். பிறகு லிப்ட் கதையைச் சொன்னேன். பத்தாவது மாடி, இருட்டுக் குழி, என் வீட்டுக்காரர் நின்ற நிலை, எல்லாவற்றையும். அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“யாரைப் பாத்து வரைஞ்சீங்கக்கா?”

“வேற யாரு இருந்தா? கண்ணாடியில என்னைத்தான் பாத்தேன். அந்தப் பதினோரு மாசமும் எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தாரு. தினம் காலையில கிளம்பறப்போ, இன்னைக்கு என்ன சொல்வாங்களோன்னு நான் கண்ணாடியில பாக்கற மூஞ்சி அதுதான். அதையே அவனுக்குப் போட்டேன். போகாம இருந்ததில்ல ஒருநாளும். பயந்துக்கிட்டே போனேன்.”

“இப்போ அவர்...”

“இப்போ என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்காரு. அவர் விடற குறட்டைக்கு இந்த மெஷின் எவ்வளவோ தேவலாம்.”

நான் எழுந்துவிட்டேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “அக்கா, உங்க பேரை அட்டையில போடறேன். உங்களை வணங்கின்னு எழுதறேன். அந்தக் கண்ணையும் நீங்களே போட்டுடுங்க. மேல வாங்க, இப்பவே!”

அவர் முகம் கதவைச் சாத்தினாற்போல் ஆகிவிட்டது. “பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் தூரிகையைத் தொட்டு இருபத்தஞ்சு வருஷமாச்சு. ஒருதடவை பட்டது போதும்.”

“நாளைக்கு மத்தியானம் கெடு அக்கா!”

“அதுக்கு நான் என்ன பண்ண? வேணும்னா அந்த மூணு கோட்டைப் பாத்து நீயே போட்டுக்கோ.”

“அது திருட்டு! திருடின கண்ணை நான் போட மாட்டேன்!” என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். இயந்திரச் சத்தத்தையும் மீறி அது மாடிவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். வந்த வேகத்தில் மூலப்படத்தை எடுத்து, இரண்டாம் எரிகல்லின் கண்ணில் வெள்ளையை அப்பி மூடினேன்.

வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அக்காவின் பிடிவாதத்தை, பெரிய முதலாளியின் கல்மனதை, கம்ப்யூட்டர் படத்தை, ஒன்றையும் விடவில்லை. அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார். முடித்ததும், “அதெல்லாம் சரி. நீ அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டியா?” என்றார்.

“என்ன?”

“லெட்டர் போட்டேன்னு சொன்ன. லிப்ட் கதை சொன்ன. பேரைக் குடு, கண்ணைக் குடுன்னு கேட்ட. அப்புறம் கத்திட்டு வந்துட்ட. நடுவுல எங்கயாவது மன்னிச்சுடுங்கன்னு ஒரு வார்த்தை வந்துதா?”

யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. சிரித்தேன், அழுதேன், கேட்டேன், கத்தினேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நினைத்து நினைத்து உருகியதெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்வதற்குத்தான். ஆள் கண்ணெதிரே இருந்தபோது என் அட்டைதான் எனக்குப் பெரிதாகிவிட்டது. வெட்கமாக இருந்தது. வீட்டுக்காரரைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

மறுநாள் காலை இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அக்காவின் அறை வாசலில் போய் நின்றேன். அவர் பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

“என்ன, மறுபடியும் சண்டையா? இரு, தண்ணி குடிச்சுட்டு வரேன்.”

“இல்லக்கா. மன்னிச்சுடுங்க. அந்த லெட்டருக்கு. நேத்துக் கத்தினதுக்கும். பேரு கேக்க வரல, கண்ணு கேக்க வரல. இதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பதினொரு மாதத்தில் வந்த கடிதங்கள் மூட்டைக்கணக்கில். அதற்காக மன்னிப்புக் கேட்டு ஒருத்தர் வந்தது அன்றைக்குத்தான். “சரி, போ” என்றார். நான் போய்விட்டேன்.

மாடியில் என் மேஜைமேல் படம் கிடந்தது. இரண்டாமவனை என்ன செய்வது என்று முடிவு செய்திருந்தேன். அவனை அழித்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் வெறுமனே விட்டுவிட வேண்டியது. மூன்று பேரும் நெருங்கி நிற்கக் கூடாது. இங்கே ஒருவர் நின்றார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் வெள்ளையைக் கலக்கக் கை வரவில்லை. பெரியவருக்குப் புகையைச் சரிசெய்தேன், சுருட்டைக்கு ஒரு தசை கூட்டினேன். மணி பத்தரை ஆனது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா மாடிக்கு வருகிறவரில்லை, முழங்கால் வலி. கையில் ஏதோ தாளோடு, “இந்த மாச லெட்டர் பக்கம், முதலாளிகிட்ட குடுத்துடு” என்றபடி வந்தார். கடிதப் பக்கத்தை என்னிடம் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருந்தது.

அவர் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பெரியவருடைய புகையைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அப்புறம் நடுவில் நின்றவனிடம் வந்தார். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டு.

“என்னடி இது? கண்ணில்லாம இவனைப் போயி இவ்வளவு உசரத்துல நிக்க வெச்சிருக்க! பாவம், எப்படிக் குதிப்பான்?”



“நகரு” என்றார்.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். அவர் உட்கார்ந்தார். என் தூரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நுனியை விரலில் தடவிப் பார்த்தார். “இதெல்லாம் தூரிகையா, துடைப்பமா? இதுல எப்படி வரையற நீ?” என்று திட்டிக்கொண்டே மெல்லியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கறுப்பில் தோய்த்தார். கை நடுங்கியது. பக்கத்தில் ஒரு வெற்றுத் தாளை வைத்து நாலு கோடு இழுத்துப் பார்த்தார், எல்லாம் கோணலாக விழுந்தன. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, முதல் கோட்டை வைத்தார். பிறகு நடுக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அவன் எங்கள் இருவரையும் பார்த்தான். நான் வரைந்த உடம்புதான், நான் போட்ட சிவப்புதான். ஆனால் இப்போதுதான் அவன் அந்த விளிம்பில் நிஜமாகவே நின்றான்.

“பன்னெண்டாவது அட்டையில சிரிக்கற மாதிரி போடலாம்னு வெச்சிருந்தேன்” என்றார் அக்கா, தூரிகையைக் கழுவியபடி. “அவர் டிஸ்சார்ஜ் ஆகி வந்த வாரம் அது. அதுக்குள்ள எடுத்துட்டாங்க. போகட்டும். இவன் இப்படியே இருக்கட்டும்.”

அப்போது முதலாளி உள்ளே வந்தார். கெடு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் வந்தார். என் நாற்காலியில் அக்கா இருப்பதையும், அவர் விரலில் இருந்த கறுப்பையும், படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்க அரை நிமிஷம் ஆனது. பிறகு வாயைப் பிளந்தார்.

“அக்கா... அந்த வெளி ஆளு...”

“உங்கப்பா சொன்ன பொய்தான் அது” என்றேன் நான்.

அவர் நல்ல மனுஷர். படத்தின் மேல் குனிந்து நெடுநேரம் நின்றார். அட்டை இதுதான், கம்ப்யூட்டர் படம் வேண்டாம் என்று தானாகவே சொல்லிவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, தலையைச் சொறிந்தார்.

“இல்ல, ஒரு யோசனை. பழையபடி லெட்டரா வந்து குவிஞ்சா? உங்களுக்குத்தானே அக்கா சங்கடம். பேசாம பேரு போடாம, முன்ன மாதிரி வெளி ஆள்னே...”

நான் பொங்கி எழ வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

“வரட்டும் தம்பி” என்றார். “போன தடவை யாரைத் திட்டறோம்னு அவங்களுக்கும் தெரியாது, யாரைப் பாத்துச் சிரிக்கறோம்னு இங்க இருந்தவங்களுக்கும் தெரியாது. இந்தத் தடவை திட்டறதா இருந்தா, பேரைச் சொல்லித் திட்டட்டும்.”

பிறகு என் பக்கம் திரும்பி, தூரிகையை நீட்டினார்.

“எழுது. கொஞ்சம் பெருசாவே எழுது.”